சைனஸ் லிஃப்ட்: டிக்கெட் போடும் முன் யோசிக்க வேண்டியவை

மொரிஷியஸில் ரோஸ் ஹில்லில் இருக்கும் என் சித்திக்கு மேல் கடைவாயில் இரண்டு பல் போய்ப் பத்து வருஷம் ஆகியிருந்தது. இம்ப்ளான்ட், அதாவது எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல் வேர், வைத்துக்கொள்ளலாம் என்று சென்னைக்குப் போனார். எலும்பு போதவில்லை, முதலில் சைனஸ் லிஃப்ட் செய்ய வேண்டும் என்று சொல்லிச் செய்தார்கள். நான்காம் நாளே மொரிஷியஸுக்குத் திரும்ப டிக்கெட். முன்கூட்டியே போட்டது, மாற்றினால் பணம் போகுமே என்று ஏறிவிட்டார். வழியெல்லாம் கன்னத்துக்குள் ஒரே அழுத்தம். வீட்டுக்கு வந்ததும் அடைத்திருந்த மூக்கைப் பலமாகச் சிந்தியிருக்கிறார், கைக்குட்டையில் ரத்தத்தோடு ரவை போல வெள்ளைத் துகள்கள். உள்ளே வைத்த எலும்புத் தூள்தான் அது.

ஏன் அப்படி ஆனது என்று புரிந்தால் பாதித் தவறுகளைச் செய்யவே மாட்டோம். மேல் கடைவாய்ப் பற்களுக்கு நேர் மேலே, கன்னத்துக்குள், காற்று நிறைந்த ஓர் அறை இருக்கிறது. அதுதான் சைனஸ். பல் போனபின் கீழே எலும்பு தேய்கிறது, மேலே சைனஸும் இறங்கி வருகிறது. இம்ப்ளான்டுக்கு எட்டு, பத்து மில்லிமீட்டர் எலும்பு வேண்டிய இடத்தில் சில சமயம் மூன்று, நான்குதான் மிஞ்சும். அப்போது ஈறின் பக்கவாட்டில் சின்ன ஜன்னல் போலத் திறந்து, சைனஸின் உள்சவ்வை மெல்ல மேலே தூக்கி, அடியில் எலும்புத் தூளை நிரப்புகிறார்கள். எலும்பு ஓரளவு இருந்தால் இம்ப்ளான்டுக்குப் போடும் துளை வழியாகவே தூக்கலாம், 1994-ல் சம்மர்ஸ் என்ற டாக்டர் விவரித்த முறை அது, பாடு குறைவு. எப்படிச் செய்தாலும் அந்தச் சவ்வு முட்டை ஓட்டுக்குள் ஒட்டியிருக்கும் தோல் மாதிரி, பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது. மூக்கைச் சிந்தினால் அழுத்தம் நேராக அங்கேதான் போகும்.

அதனால் குறைந்தது இரண்டு வாரம் மூக்கைச் சிந்தவே கூடாது, துடைத்துக்கொள்ளலாம். தும்மல் வந்தால் அடக்காமல் வாயைத் திறந்து தும்முங்கள். ஸ்ட்ரா வேண்டாம். விமானத்துக்கும் ஒன்றிரண்டு வாரமாவது பொறுக்கச் சொல்வார்கள், அதனால் டாக்டரிடம் தேதி கேட்டபிறகு டிக்கெட் போடுங்கள். கடலில் ஆழ மூழ்கும் டைவிங் இன்னும் தள்ளிப் போகவேண்டிய விஷயம், டாக்டர் சரி என்று சொல்லும்வரை இறங்காதீர்கள்.

இனி நம்மூரில் யாரும் பேசாத ஒன்று. தைப்பூசக் காவடிக்கு முந்திய வாரங்களில் இந்த ஆபரேஷனை வைத்துக்கொள்ளாதீர்கள். கன்னத்திலும் நாக்கிலும் வேல் குத்துகிறவர்களுக்கு ஆறாத தையலும் புதுக் காயமும் ஒரே வாயில் இருப்பது நல்லதில்லை. வேல் குத்தாவிட்டாலும், விரதத்தோடு வெயிலில் தலைமேல் காவடி சுமந்து நடப்பது அப்போது ஆகாது. வேண்டுதல் இருந்தால் டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள், காவடி முடிந்து தேதி வைத்துக்கொண்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

அப்புறம் அந்தத் தூள் எதிலிருந்து வருகிறது என்று கேட்காமல் கையெழுத்துப் போடுவதும் தவறு. பரவலாகப் பயன்படுவது மாட்டு எலும்பைப் பதப்படுத்தியது, தூள் வைத்த இடத்தை மூடும் மெல்லிய படலம் பன்றியின் கொலாஜன் என்ற புரதமாகவும் இருக்கலாம். மருத்துவ ரீதியாக அவை நல்ல பொருள்கள்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் வாழ்நாள் முழுக்க மாட்டிறைச்சி தொடாத பாட்டிக்கு அது பிறகு தெரியவந்தால் எவ்வளவு நோகும்? செயற்கையாகத் தயாரித்த தூளும் இருக்கிறது, உங்கள் எலும்பையே எடுத்து வைப்பதும் உண்டு. முன்னாடியே கேட்டால் டாக்டர் யோசித்துச் சொல்ல முடியும்.

உங்கள் நோயையும் மருந்தையும் டாக்டரிடம் மறைப்பதும் பெரிய தவறு. மொரிஷியஸில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய், அது கட்டுக்குள் இல்லையென்றால் புண் ஆறுவது தாமதமாகும், தொற்றும் எளிதில் வரும். சிகரெட்டும் அப்படித்தான், எலும்பு பிடிப்பதையே கெடுக்கும். எலும்பு மெலிவு நோய்க்கு (ஆஸ்டியோபோரோசிஸ்) மாத்திரையோ ஊசியோ போடுகிறீர்களா, ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறீர்களா, எல்லாவற்றையும் சொல்லுங்கள், எதையும் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். அடிக்கடி சைனஸ் தொல்லை உள்ளவர்கள் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். சாதாரண எக்ஸ்ரே போதாது, முப்பரிமாண ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் கத்தி வைக்கவேண்டும்.

எலும்பு கெட்டிப்பட நான்கு முதல் ஒன்பது மாதம் ஆகும். கீழே எலும்பு கொஞ்சம் இருந்தால் இம்ப்ளான்டையும் சேர்த்தே வைத்துவிடுவார்கள். இல்லாதபோது, லீவு முடிகிறது என்று டாக்டரை அவசரப்படுத்தினால் ஆட்டம் கண்ட இம்ப்ளான்ட்தான் மிச்சம்.

முதல் இரண்டு மூன்று நாள் வீக்கமும் லேசான மூக்கு ரத்தமும் வருவது சகஜம். நாற்றத்தோடு சளி, காய்ச்சல், குறையாத வலி, குடிக்கும் தண்ணீர் மூக்கில் வருவது, துகள் வருவது, இவற்றில் எது வந்தாலும் அன்றே டாக்டரைப் பாருங்கள். சித்தி மறுநாள் அந்தக் கைக்குட்டையோடுதான் இங்கே ஒரு டாக்டரிடம் போனார். என்ன தூள் வைத்தார்கள், சவ்வு கிழிந்ததா, ஸ்கேன் எங்கே என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். சித்தியின் பையில் இருந்தது பில் மட்டும்தான். ஆபரேஷன் குறிப்பு, ஸ்கேன், தூள் பாக்கெட்டின் லேபிள், இந்த மூன்றையும் வாங்கிக்கொள்ளாமல் மருத்துவமனையை விட்டுக் கிளம்பாதீர்கள்.