கேட்காமல் வந்த லாகின் கோடு: உடனே என்ன செய்வது?

இரவு பதினொன்றரை மணிக்கு என் தங்கை போனைக் கொண்டுவந்து நீட்டினாள். "அக்கா, நான் லாகினே பண்ணல. இன்ஸ்டாகிராம்ல இருந்து மெயில்ல ஆறு இலக்க கோடு வந்திருக்கு." அவளுக்குக் கை நடுங்கியது. அன்று நாங்கள் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், கோடு வந்துவிட்டது என்பதால் கணக்கு போய்விட்டது என்று பயப்படாதீர்கள். யாரோ பூட்டை ஆட்டிப் பார்த்திருக்கிறார்கள். அந்தக் கோடை மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள். "உனக்கு ஒரு கோடு வரும், எனக்கு அனுப்பு" என்று நண்பர் பெயரிலேயே மெசேஜ் வரலாம். அவருடைய கணக்கு ஏற்கெனவே திருடுபோயிருக்கலாம். அவருக்குப் போன் போட்டுக் கேளுங்கள்.

அடுத்து, மெயில் நிஜமா என்று பார்க்க வேண்டும். அதில் உள்ள லிங்கைத் தொடவே வேண்டாம். ஆப்பைத் திறந்து செட்டிங்ஸ், அக்கவுன்ட்ஸ் சென்டர், பாஸ்வேர்ட் அண்ட் செக்யூரிட்டி, ரீசன்ட் ஈமெயில்ஸ் என்று போங்கள். இன்ஸ்டாகிராம் கடந்த 14 நாட்களில் அனுப்பிய பாதுகாப்பு மெயில்கள் அங்கே இருக்கும். உங்களுக்கு வந்தது அதில் இல்லையென்றால் போலி, அழித்துவிடுங்கள்.

நிஜம்தான் என்றால் நிதானமாகப் படியுங்கள். பாஸ்வேர்டு மறந்ததாகக் கேட்டு வந்த கோடு என்றால் கவலை குறைவு. உங்கள் யூசர்நேம் தெரிந்த யாரும் அப்படிக் கேட்க முடியும். லாகின் செய்ய முயன்றது நீங்கள்தானா என்று உறுதிப்படுத்தச் சொல்லி வந்த கோடு என்றால், பாஸ்வேர்டு வெளியே போய்விட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

தங்கைக்கு வந்தது இரண்டாவது வகை. ஜிமெயிலுக்கும் அதே பாஸ்வேர்டைத்தான் வைத்திருந்தாள்! அதனால் ஜிமெயில் பாஸ்வேர்டைத்தான் முதலில் மாற்றினோம். மற்ற கணக்குகளின் பாஸ்வேர்டை மாற்றும் மெயில்கள் அங்கேதானே வரும். ஜிமெயில் செட்டிங்ஸில் ஃபார்வர்டிங் பகுதியில், அதாவது வரும் மெயிலை வேறு முகவரிக்கு அனுப்பும் இடத்தில், தெரியாத முகவரி ஏதும் இருக்கிறதா, கூகுள் கணக்கில் ரெக்கவரி நம்பர் (கணக்கை மீட்க உதவும் போன் நம்பர்) உங்களுடையதுதானா என்றும் பாருங்கள்.

அப்புறம் இன்ஸ்டாகிராம் பாஸ்வேர்டு. புதிது, நீளமானது, வேறெங்கும் பயன்படுத்தாதது. எந்தெந்தப் போனில் லாகின் ஆகியிருக்கிறது என்ற பட்டியலும் அதே பாஸ்வேர்ட் அண்ட் செக்யூரிட்டி பக்கத்தில் இருக்கும். தெரியாததை லாக் அவுட் செய்யுங்கள்.

கடைசியாக டூ ஃபேக்டர் ஆதென்டிகேஷனை, அதாவது பாஸ்வேர்டோடு இன்னொரு கோடும் கேட்கும் முறையை, ஆன் செய்யுங்கள். அந்தக் கோடு எஸ்எம்எஸ்ஸில் வருவதைவிட, போனிலேயே கோடு உருவாக்கித் தரும் ஆதென்டிகேட்டர் ஆப் நல்லது. அப்போது கிடைக்கும் பேக்கப் கோடுகளை ஸ்கிரீன்ஷாட் எடுக்காமல் காகிதத்தில் எழுதி வையுங்கள். போன் தொலைந்தால் அவைதான் கைகொடுக்கும். தங்கை தன்னுடையதை அன்று இரவே எழுதி பீரோவில் வைத்தாள்.