டர்ன்டேபிள் ஊளையிடும்போது செய்யக்கூடாத தவறுகள்

வால்யூமைப் பாதிக்கு மேல் ஏற்றியதும் "ஊம்ம்ம்" என்று அடியிலிருந்து ஒரு முழக்கம் கிளம்பும். நொடிக்கு நொடி பெருக்கும். ஊஃபரின் (பாஸ் ஒலிக்கும் ஸ்பீக்கர்) கூம்பு கண்ணுக்குத் தெரியும்படி ஆடும். பாலக்காடு, சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பழைய மச்சு வீடுகளில் புதிதாக டர்ன்டேபிள் (இசைத்தட்டைச் சுழற்றி வாசிக்கும் கருவி) வைப்பவர்கள் பலரும் இதில்தான் சிக்குகிறார்கள். சிக்கியபின் அவர்கள் செய்யும் வைத்தியமும் ஒன்றுபோலவே தப்பாக இருக்கிறது.

நடப்பது இதுதான். ஸ்பீக்கரின் அதிர்வு தரை வழியாகவும் காற்று வழியாகவும் இசைத்தட்டுக்கு வருகிறது. ஊசி அதையும் பாட்டோடு சேர்த்தே எடுக்கிறது. எம்எம் (நகரும் காந்த) கார்ட்ரிட்ஜுக்கான, அதாவது ஊசி பொருத்திய தலைக்கான, ஃபோனோ பிரீஆம்ப் அதன் சிறு மின்குறிப்பை வழக்கமாக 40 டெசிபல் பெருக்கும். தட்டில் குறைத்துப் பதிந்த பாஸைத் திரும்பக் கூட்டும் ஆர்ஐஏஏ ஈடுகட்டலால் 20 ஹெர்ட்ஸுக்கு அதன்மேல் இன்னும் 19 டெசிபல் கூடும். அதாவது ஏறக்குறைய 900 மடங்கு. பெருகியது மறுபடி ஸ்பீக்கருக்கே போகிறது. இந்தச் சுழற்சிதான் ஃபீட்பேக்.

ஊளை இல்லையென்றால் கோளாறு இல்லை என்று நம்புவது

ஊளைக்கு வெகு முன்பே பாஸ் கெட்டுவிடும். பாலக்காடு மணி அய்யர் மிருதங்கம் வாசித்த கச்சேரித் தட்டு ஒன்றைப் போட்டு, தொப்பியின் (மிருதங்கத்தின் இடப்பக்கம்) கும்கியை, அதாவது வளைந்தெழும் பாஸ் ஒலியைக் கவனியுங்கள். அது வளைந்து எழுந்து நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் குழைந்து வழிந்தால், ஃபீட்பேக் ஏற்கெனவே வேலை செய்கிறது.

சோதிக்க, வால்யூமை முழுக்கக் குறைத்து, தட்டைச் சுற்றவிடாமல் ஊசியை அதன்மேல் இறக்குங்கள். ஆம்ப்பை ஃபோனோ இன்புட்டில் வைத்து வால்யூமை மெல்ல ஏற்றுங்கள்; கை குமிழிலேயே இருக்கட்டும். வழக்கமாகக் கேட்கும் அளவுக்கு மேல் இன்னும் 10 டெசிபல் போயும் முழக்கம் எழக்கூடாது. ஊசியைத் தூக்கியும் இரைச்சல் அப்படியே இருந்தால் அது 50 ஹெர்ட்ஸ் கரண்ட் இரைச்சல். எர்த் வயரைப் பாருங்கள்.

அடியில் ஸ்பாஞ்ச் வைப்பது

இதைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சலாக வருகிறது, ஏனென்றால் காசும் போய் நிலைமையும் மோசமாகிறது. மெத்தென்று எது இருந்தாலும் அதிர்வைத் தடுக்கும் என்று நினைக்கிறார்கள். மெத்தைக்கும் ஒரு சொந்த அதிர்வெண் உண்டு. அந்த அதிர்வெண்ணைப் போல் 1.4 மடங்குக்கு மேல்தான் அது தடுக்கும். அதற்குக் கீழே கூட்டித்தான் கொடுக்கும்.

கணக்கு எளிது. டெக்கை (டர்ன்டேபிளை) மேலே வைத்தால் அடியில் உள்ள ஸ்பிரிங் எத்தனை மி.மீ. அமுங்குகிறது என்று ஸ்கேல் வைத்து அளந்து, அதன் வர்க்கமூலத்தால் 16-ஐ வகுத்தால் ஹெர்ட்ஸ் கிடைக்கும். 1 மி.மீ. அமுங்கினால் 16. இரண்டரை மி.மீ. என்றால் 10. 16 மி.மீ. என்றால் 4. ரப்பரும் ஸ்பாஞ்சும் அதிர்வில் இன்னும் விறைப்பாக நடந்துகொள்வதால் அவற்றுக்கு இந்தக் கணக்கைவிடக் கூடுதலாகவே வரும்.

இனி கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கையான டோன்ஆர்முக்கு வாருங்கள். ஆர்மின் எஃபெக்டிவ் மாஸ் (ஊசி முனையில் உணரப்படும் எடை) 10 கிராம், கார்ட்ரிட்ஜும் ஸ்க்ரூவும் 7 கிராம், கம்ப்ளையன்ஸ் (ஊசி எவ்வளவு எளிதாக வளைகிறது என்ற அளவு) 15 என்றால் 17-ஐ 15-ஆல் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, அதனால் 159-ஐ வகுக்க வேண்டும். வருவது 10 ஹெர்ட்ஸ். நல்ல பொருத்தம்தான். ஆனால் மூன்று மி.மீ. அமுங்கும் மெத்தையும் அதே 10 ஹெர்ட்ஸை ஒட்டித்தான் ஆடும். இரண்டும் ஒன்றையொன்று தூக்கிவிடும். "அண்ணா, ஸ்பாஞ்ச் போட்ட பிறகுதான் ஊஃபர் இப்படி அடிக்குது" என்று கேட்கிறவர்களுக்கு விடை இதில் இருக்கிறது. அதோடு நிற்காமல் நல்ல கார்ட்ரிட்ஜைக் கழற்றி எறிந்துவிட்டு வேறு வாங்குகிறார்கள்.

மெத்தை வேண்டுமென்றால் 3, 4 ஹெர்ட்ஸுக்கு இறங்குவது வேண்டும். மலிவான வழி, சிறுவர் சைக்கிளின் 12 இஞ்சு ட்யூப். இரண்டு பலகைகளுக்கு நடுவில் வைத்து, வால்வு வெளியே வரும்படி விட்டு, மேல்பலகை கீழ்ப்பலகையை விட்டு எழும்பும் அளவுக்கு மட்டும் காற்றடியுங்கள். அதிகம் அடித்தால் விறைத்துப் பயனற்றுப் போகும். காற்று மெல்ல இறங்கும். வாரம் ஒருமுறை ரசமட்டம் வைத்துப் பாருங்கள்.

மச்சின் நடுவில் கனத்தை ஏற்றுவது

மச்சின் மரத்தளம் தோல்போல் அதிர்வது. 45-க்கு 40 செ.மீ., 2 செ.மீ. கனக் கடப்பா கல் 10 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அதை உத்தரங்களுக்கு இடையில் வைத்தால் மரத்தளத்தின் அதிர்வெண் இன்னும் கீழிறங்கி ஆர்மின் அதிர்வெண்ணை நெருங்கும். நடந்தாலே ஊசி துள்ளும். அதே கல்லைக் கனத்த வெட்டுக்கல் சுவரில் பதித்த அலமாரித் தட்டாகப் பயன்படுத்துங்கள். பாதித் தொல்லை அங்கேயே தீரும். ஸ்பீக்கர் முதுகு சாய்ந்திருக்கும் சுவர் மட்டும் வேண்டாம். மூலையும் வேண்டாம், பாஸ் அங்கேதான் குவியும்.

மூடியை மூடிக்கொண்டு கேட்பது

கழற்றி வைத்துவிடுங்கள்.

சப்சோனிக் ஃபில்டரையே மருந்தாக நினைப்பது

சத்தமில்லாமல் ஊஃபர் மட்டும் ஆடினால், அது பெரும்பாலும் தட்டு வளைந்திருப்பதாலும் ஆர்மின் அதிர்வாலும் வருவது. அதற்கு, 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஆக்டேவுக்கு (அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறைக்கும்) 18 டெசிபல் வெட்டும் சப்சோனிக் ஃபில்டர் நல்ல துணை. துளையுள்ள ஸ்பீக்கருக்குக் கட்டாயம் என்றே சொல்வேன். 40, 60 ஹெர்ட்ஸில் காதுக்குக் கேட்கும் முழக்கத்தை அது தொடாது. அந்த முழக்கத்துக்கு டெக்கையோ ஸ்பீக்கரையோ இடம் மாற்றித்தான் ஆக வேண்டும்.