ஆத்தங்குடிக் கல் கப்பலேற: கற்றுக்கொள்ளும் பயணத்துக்கு மானியம் கேட்பது எப்படி?

எங்கள் ஆத்தங்குடிக் கல் (தரையில் பதிக்கும், கையால் செய்த சிமெண்ட் கல்) பட்டறையில் கணக்கும் கடிதாசியும் என் பொறுப்பு. "வெளிநாட்டுக்குக் கல் அனுப்ப அரசு மானியம் உண்டாமே, ஆச்சி?" என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். யாரிடம் போய், எதைக் கற்றுக்கொள்ளப் போகிறீர்கள்? இதற்கு நாலு வரியில் பதில் எழுத முடிந்தால் பாதி விண்ணப்பம் முடிந்த மாதிரி.

எங்கள் விஷயத்தையே சொல்கிறேன். கண்ணாடி மேல் அச்சு வைத்துச் சாயம் ஊற்ற எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். தெரியாதது அதற்குப் பிறகு உள்ள வேலை. தொட்டியில் ஊறிய கல்லை ஈரம் போகாமல் கட்டினால், கன்டெய்னர் புழுக்கத்தில் மேலே வெள்ளையாக உப்புப் பூத்துவிடும். 20 அடி கன்டெய்னரில் இடம் நிறைவதற்கு முன்பே எடை நிறைந்துவிடும். மரப்பெட்டியில், பூச்சி போக மரத்தைச் சூடேற்றியதற்கான முத்திரை இல்லாவிட்டால் பல நாட்டுத் துறைமுகங்களில் சரக்கு நின்றுபோகும். டைல்ஸ் தொழிலுக்குப் பேர்போன குஜராத்தின் மோர்பியில் இதெல்லாம் அன்றாட வேலை. அவர்களுடையது சூளையில் சுட்ட டைல்ஸ், நம்முடையது சுடாத சிமெண்ட் கல். சுங்கக் குறியீடே வேறு: அவர்களுக்கு 6907, நமக்கு 6810. ஆனால் பெட்டி கட்டுவதும் காகிதம் தயாரிப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். அதை அங்கே போய்க் கற்றுக்கொள்ளலாம். அதனால் விண்ணப்பத்தில் "தொழிற்சாலைகளைப் பார்வையிடல்" என்று மொட்டையாக எழுதாதீர்கள். "எடைக் கணக்கு, பெட்டி முத்திரை, ஈரம் பார்த்தல்" என்று எழுதுங்கள்.

பணம் எங்கே? பயணச் செலவு பெரும்பாலும் தனி ஆளுக்குக் கிடைக்காது, பதிவு செய்த சங்கம் வேண்டும். குறு, சிறு, நடுத்தரத் தொழில் அமைச்சகத்தின் பன்னாட்டு ஒத்துழைப்புத் திட்டம், சங்கங்கள் போன்ற அமைப்புகள் வழியாகத்தான் வெளிநாட்டுக் கண்காட்சிகளுக்குக் குழு அனுப்ப உதவுகிறது. உள்நாட்டுப் பயணத்துக்கு அதே அமைச்சகத்தின் ஸ்ஃபூர்த்தி திட்டம்: பாரம்பரியத் தொழில் தொகுப்புகளுக்கானது, பயிற்சியோடு வெளியூர் போய்ப் பார்த்து வருவதற்கும் அதில் இடமுண்டு. முதல்முறை ஏற்றுமதி செய்கிறவர்களுக்கு 2022-இல் வந்த திட்டம் ஒன்று உண்டு. ஏற்றுமதி மேம்பாட்டுக் கழக உறுப்பினர் கட்டணம், காப்பீட்டு பிரீமியம், தரச் சான்றுச் செலவு ஆகியவற்றை ஒரு வரம்புக்குள் திருப்பித் தருவார்கள். எது இந்த வருஷம் திறந்திருக்கிறது என்று சிவகங்கை மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் கேளுங்கள். போகும்போது உத்யம் என்னும் சிறுதொழில் பதிவும் (இலவசம்) ஏற்றுமதி–இறக்குமதிக் குறியீடும் (கட்டணம் 500 ரூபாய்) கையில் இருக்கட்டும்.

அடுத்தது, யார் போவது. முதலாளிகள் மட்டும் போய் வந்தால் போட்டோதான் மிஞ்சும். பெட்டி கட்டுகிறவர் ஒருவர், சாயம் ஊற்றுகிறவர் ஒருவர் பட்டியலில் கட்டாயம் இருக்க வேண்டும். ரங்கூன் வட்டிக்கடைக்குப் பெட்டியடிப் பையனாக (எடுபிடியாக) போனவர்கள், அடுத்தாளாகி (ஏஜெண்டுக்கு அடுத்த நிலை), பிறகு கடையை நடத்தும் ஏஜெண்டாகவும் ஆன ஊர் இது. கூடவே இருந்து பழகுவது நமக்குப் புதிதில்லை. போகிறவர்களின் அன்றாடக் கூலியைத் திட்டம் தராவிட்டால் சங்கப் பணத்தில் கொடுங்கள். இல்லையென்றால் கடைசி நாளில் "வீட்டில் வேலை" என்று நின்றுவிடுவார்கள், அதில் தப்பும் இல்லை. இந்தி தெரிந்த ஒருவரைச் சேர்த்து, அவர் செலவையும் எழுதுங்கள்.

மோர்பிக்காரர்கள் ஏன் சொல்லித்தர வேண்டும்? அவர்களையும் இங்கே அழைக்க ஒரு வரி சேருங்கள். கையால் வேலை செய்யும் பட்டறையைப் பார்க்க அவர்களுக்கும் ஆசை இருக்கும். போக்கும் வரத்தும் இருக்கிற திட்டத்தைத் தேர்வுக் குழுவும் கவனித்துப் படிக்கும்.

கடைசியாக, இவற்றில் பெரும்பாலானவை செலவழித்த பிறகு கிடைக்கும் பணம். கைமுதல் இல்லாமல் கிளம்பாதீர்கள். டிக்கெட்டைப் பத்திரப்படுத்துங்கள். ஜிஎஸ்டி எண் உள்ள தங்கும் ரசீது, வங்கி வழியாகப் பணம் கட்டிய சான்று எல்லாம் சங்கத்தின் பெயரில் இருக்கட்டும். விண்ணப்பத்தின் நகலில் பெற்றுக்கொண்ட முத்திரையும் தேதியும் வாங்காமல் அலுவலகத்தை விட்டு வெளியே வராதீர்கள்.