கல்கட்டுக் குளத்தைச் சரிசெய்ய சிமெண்ட் வேண்டாம்

கொடைக்கானல் மலையில் பூம்பாறை, மன்னவனூர் பக்கம் உங்கள் நிலத்தில் பழைய குளம் இருந்து, அதன் கல்கட்டு வயிறு தள்ளி நிற்கிறதா? வெளிமுகத்தில் சிமெண்ட் மட்டும் பூசாதீர்கள். கசிவு நின்றதுபோல் தெரியும். ஆனால் கரைக்குள் ஊறிய தண்ணீருக்குப் போக வழியிருக்காது. ஐப்பசி மழையில் அது சுவரைத் தள்ளிச் சாய்த்துவிடும்.

இதை மலைக்காரன் பிடிவாதம் என்பவர்களுக்கு நான் காட்டுவது ஹவாயின் ஹெயீயா மீன்குளம். ஓவாஹூ தீவின் கடலோரத்தில் 88 ஏக்கர், சுற்றுச்சுவர் 2 கிலோமீட்டருக்கு மேல். பல நூறு வருடங்களுக்கு முன் கட்டியது. வெளியே எரிமலைக்கல், உள்ளே பவளக்கல் நிரப்பல், சாந்து கிடையாது. அலைநீர் சுவர் வழியே மெல்லக் கசியும், மதகு வழியே பாயும். மதகில் நெருக்கமாகக் கம்பு நட்டிருப்பதால் குஞ்சு உள்ளே வரும். பாசி தின்று கொழுத்த பிறகு வெளியேற முடியாது.

1965 வெள்ளத்தில் சுமார் 200 அடிச் சுவர் போய்விட்டது. வெளியிலிருந்து கொண்டுவந்த அலையாத்தி வேறு கரையெல்லாம் பரவி, வேரால் கல்லைப் பிரித்தது, வண்டலைத் தேக்கியது. 2001இல் தொடங்கிய 'பைபை ஓ ஹெயீயா' அமைப்பினர் மரங்களை அகற்றிக் கல்லை அடுக்கிக்கொண்டே வந்து, 2015 டிசம்பரில் திரளான மக்களோடு அந்த உடைப்பை அடைத்தார்கள்.

நமக்கு அலையாத்தியின் இடத்தில் சீகை, அதாவது வாட்டில் மரம். நீங்களும் மரத்திலிருந்தே தொடங்குங்கள். மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் 1955இலிருந்து இருக்கிறது, அனுமதி வாங்கிய பிறகே அரிவாளைத் தொட வேண்டும். வேரோடு இழுத்தால் கரையும் கூட வந்துவிடும். அடியில் வெட்டிவிட்டு, அந்த இடத்துச் சுவரைப் பிரிக்கும்போது வேரை எடுங்கள். அடுத்த மழைக்குச் சீகைக் கன்று புல்போல முளைக்கும். ஈரமண்ணில் கையாலேயே வந்துவிடும், பல வருடத்துக்கு இது ஓயாத வேலை.

மாசி, பங்குனியில் மதகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து நீரை இறக்குங்கள். ஒரே நாளில் வடித்தால் ஈரக்கரை உள்பக்கமாகச் சரியும். அப்புறம் பிதுங்கிய பகுதியை மட்டும் பிரித்து, கல்லை அளவுவாரியாகப் பரப்பி வையுங்கள். கெட்டித்தரை வரை தோண்டி, பெரிய கல்லை அடியில் போடுங்கள். கல்லின் நீளப்பக்கம் சுவருக்குள் போக வேண்டும். நீளம் வெளியே தெரிந்தால் பார்க்க அழகு, ஆனால் நிற்காது. மேலே வைக்கிற கல் கீழே இரண்டு கல்லின்மேல் உட்காரட்டும். ஆறடி உயரத்துக்கு ஓரடி உள்சாய்வு கொடுத்து நூல் கட்டுங்கள். இடுக்கில் சில்லுக்கல்லைக் கையால் இறுக்குங்கள், மண்ணை வாரிக் கொட்டாதீர்கள். எங்கள் சித்தப்பா ஒவ்வொரு வரிசை முடிந்ததும் அதன்மேல் நடப்பார். ஒரு கல் ஆடினாலும் அன்றைக்குக் கூலி தரமாட்டார்.

ஹவாய்ச் சுவருக்கு இரண்டு பக்கமும் தண்ணீர், நமக்கு ஒரு பக்கம்தான். அதனால் கரையின் உள்பக்கம் களிமண்ணை அரையடி அரையடியாகப் போட்டு இடிக்க வேண்டும். தண்ணீரைத் தடுப்பது களிமண், கரையைத் தாங்குவது கல்.

மீன் விடுவதாக இருந்தால், உபரிநீர் வழிந்தோடும் கலிங்கில் வலை கட்டுவீர்கள். மழைநாளில் அதில் சேரும் சருகைக் காலையும் மாலையும் எடுத்துவிடுங்கள். வலை அடைத்துக்கொண்டால் தண்ணீர் கரைமேல் ஏறிவிடும்.