சுங்கை சிப்புட் தோட்டச் சடக்குகளில் கிராவல் சைக்கிள்: பாதை வகுக்கும் முறை

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டிலிருந்து மேற்கே கோலகங்சாருக்குப் பழைய கூட்டரசுச் சாலை வழியே சென்றால் தூரம் ஏறத்தாழ 20 கிலோமீட்டர்தான். ஆனால் லோரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி அந்தத் தார் சடக்கில் ஓட்டுவதில் சுகமில்லை. அதே இரண்டு ஊர்களுக்கு நடுவில் செம்பனை எனும் எண்ணெய்ப்பனைக் காட்டையும் எஞ்சியிருக்கும் ரப்பர் காட்டையும் ஊடறுத்துச் செல்லும் செம்மண் சடக்குகளைத் தேர்ந்து இணைத்து, பேராக் ஆற்றங்கரைக் கம்பங்களையும் (மலாய்க் கிராமங்களையும்) தொட்டு வந்தால், மண் சடக்குக்கேற்ற அகல டயர் கொண்ட கிராவல் சைக்கிளில் போக வர 50 கிலோமீட்டர் அளவில் ஒரு காலைப்பொழுதுக்குப் பொருத்தமான பாதை கிடைத்துவிடும். பெரிய மேடுகள் இல்லாத ஆற்றுச் சமவெளி என்பதால் புதிதாக ஓட்டத் தொடங்கியவர்களும் தாக்குப்பிடிக்கலாம். இப்பாதையைக் கைப்பேசி வரைபடத்தில் கோடிழுத்து முடிவு செய்ய முடியாது என்பதை மட்டும் முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். எந்தச் சடக்கில் எப்போது போகலாம் என்பதைத் தோட்டத்து வேலையும் முந்தின நாள் மழையுமே தீர்மானிக்கின்றன.

வரைபடத்தைவிடச் செயற்கைக்கோள் படம் இவ்வேலைக்கு அதிகம் உதவும். செம்பனை மரங்கள் நேர் வரிசையாகவும் அவற்றின் நடுவே சடக்குகள் கட்டம் கட்டமாகவும் தெரிந்தால் அது சமதளம். வரிசைகள் வளைந்து வளைந்து படிக்கட்டுப் போலத் தெரிந்தால் அது குன்றுச் சரிவு. அங்கே ஏற்றம் காத்திருக்கிறது. வெளிறிய மண்ணில் சிறு புள்ளிகளாக மட்டும் மரங்கள் தென்பட்டால் அது மறுநடவு செய்த இடம் என்று கொள்ளலாம். செம்பனையை ஏறத்தாழ 25 ஆண்டுகளுக்கு ஒருமுறை வெட்டிவிட்டுப் புதிதாக நடுவார்கள். கன்று வளரும் வரை அங்கே நிழலும் இராது, மழை பெய்தால் மண்ணும் தாங்காது. படம் எடுக்கப்பட்ட பிறகு தோட்டமே விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதியாகியிருக்கவும் கூடும் என்பதால், புதிய பாதையை முதல்முறை ஓட்டும்போது திரும்பி வருவதற்கு வேறொரு வழியையும் குறித்து வைத்திருப்பது நல்லது.

தோட்டச் சடக்கு பொதுச் சாலையன்று. முதல் நாளே தோட்ட அலுவலகத்துக்குச் சென்று கிராணியிடம் (எழுத்தரிடம்) எத்தனை பேர், எந்த நேரம், எந்த வாயில் வழி என்று சொல்லி அனுமதி கேட்டுவிட்டால் மறுநாள் வாயிலில் வாக்குவாதம் இராது. பெரட்டுக்கு (விடியற்காலை ஆள்கணக்கெடுப்புக்கு) நம் தமிழர்கள் மட்டுமே நின்ற காலம் போய்விட்டது. இன்று காவலரும் வேலையாட்களும் நேப்பாள, இந்தோனேசிய, வங்காளதேச நாட்டவராக இருப்பது வழக்கமாகிவிட்டதால், மலாயில் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு “தும்பாங் லாலு, என்ஜிக்” (கொஞ்சம் வழி விடுங்கள், ஐயா) என்று பணிவாகக் கேட்பவரைப் பெரும்பாலும் யாரும் திருப்பி அனுப்புவதில்லை. பழைய லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) நம்மவர் யாரேனும் இருந்தால், “ஐயா, இந்தச் சடக்கு ஆத்துப் பக்கம் போய்ச் சேருமா?” என்று கேட்டுப் பாருங்கள். எந்தப் பாலம் இடிந்து கிடக்கிறது, எங்கே வாயில் பூட்டியிருக்கும் என்பவற்றையெல்லாம் அவரைப்போல எந்தச் செயலியும் சொல்லப்போவதில்லை.

வேலை நாள்களில் பழக்குலை ஏற்றும் லோரிகளும் டிராக்டர்களும் காலை முழுவதும் ஓடிக்கொண்டிருக்கும். வளைவுகளில் எதிரே வருவது தெரியாது. ஆகவே ஞாயிற்றுக்கிழமையையோ பொது விடுமுறை நாளையோ தேர்ந்தெடுப்பதே பாதுகாப்பானது. வேறு வழியின்றி வேலை நாளில் சென்றால், அறுவடை நடக்கும் வரிசையை நெருங்கும் முன்பே மணியடித்து நின்றுவிட வேண்டும். நீண்ட கழியின் முனையில் கட்டிய அரிவாளால் தலைக்கு மேலே மட்டையை அறுப்பவரின் கண் குலையில்தான் இருக்கும். கீழே சைக்கிள் வருவதை அவர் பார்ப்பதற்கில்லை. விழும் குலை 20 கிலோ கூட இருக்கும். அவர் அறுப்பதை நிறுத்திக் கையசைத்த பிறகே நகர வேண்டும். குலைகளைக் குவித்து வைத்திருந்த இடங்களில் சிதறிக் கிடக்கும் உதிரிப் பழங்கள் சக்கரத்தின் அடியில் கோலிக்குண்டாக உருளும் என்பதால் அங்கே பிரேக்கை அழுத்தாமல், சைக்கிளை நிமிர்த்தி நேராகக் கடந்து செல்லுங்கள்.

இனி மண்ணைப் பற்றி. நன்கு பராமரிக்கப்படும் தோட்டச் சடக்கு நடுவில் மேடாகவும் இரு ஓரமும் சரிந்து அலூரில் (ஓர வாய்க்காலில்) நீர் வடியும்படியும் அமைந்திருக்கும். காய்ந்த நாளில் லோரிச் சக்கரத் தடம் இரண்டும் சிமெண்டுத் தரையளவுக்கு இறுகியிருக்கும். அவற்றுள் ஒன்றில் ஓட்டுவதே சுகம். நடுமேட்டில் உதிரிச் சரளைப் பரல்கள் சேர்ந்து கிடப்பதால் ஒரு தடத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது முன்சக்கரம் வழுக்கும். வேகத்தைக் குறைத்து, கைப்பிடியை இறுக்காமல், சற்றுக் குறுக்குக் கோணத்தில் கடக்க வேண்டும். மழை பெய்துவிட்டாலோ நிலைமை தலைகீழாகிவிடும்: தடங்கள் குளமாகும், களிமண் கலந்த பகுதிகளில் சேறு டயருக்கும் சட்டத்துக்கும் நடுவில் அப்பிக்கொண்டு சக்கரமே சுற்றாமல் போகும், அப்போது பரல் நிறைந்த அந்த நடுமேடுதான் கைகொடுக்கும். மேற்குக் கரை மாநிலங்களில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் இடிமழை கொட்டுவது வழக்கம். பொழுது விடியும் 7 மணி வாக்கில் புறப்பட்டு 11 மணிக்குள் முடித்துக்கொண்டால் வெயிலுக்கும் தப்பலாம், மழைக்கும் தப்பலாம். ஆனால் முந்தின மாலை பெய்த மழையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். திறந்த சடக்கு காலைக்குள் ஓரளவு உலர்ந்துவிடும், செம்பனை நிழல் மூடிய சடக்கு உலர்வதில்லை. சிற்றோடைகளின் குறுக்கே போட்ட சிமெண்டுத் தளங்களில் பாசி பிடித்திருக்கும். அங்கே இறங்கித் தள்ளிச் செல்வதில் வெட்கம் ஒன்றுமில்லை.

சைக்கிளைப் பொறுத்தவரை டயர்தான் முக்கியம். மற்றவை அடுத்த நிலை. 40 முதல் 45 மி.மீ. அகலமுள்ள, பக்கங்களில் சிறு குமிழ்கள் கொண்ட டயர் இம்மண்ணுக்கு ஏற்றது. அறுத்துப் போட்ட செம்பனை மட்டையின் அடிப்பகுதி முழுவதும் முள் என்பதால், டியூப் இல்லாத டயராக மாற்றி உள்ளே அடைப்புத் திரவம் ஊற்றிக்கொள்வது செலவுக்கு ஏற்ற பலன் தரும். இத்திரவங்களில் பல இயற்கை ரப்பர் பாலைக் கொண்டே செய்யப்படுபவை. பால் மரக் காட்டில் ஓட்டுபவருக்கு அந்தப் பாலே காவல் என்பதில் எனக்கொரு தனி மகிழ்ச்சி. 70 கிலோ எடையுள்ளவர் 30 பி.எஸ்.ஐ. அளவில் காற்றை வைத்துத் தொடங்கி, கைகள் அதிர்ந்தால் சிறிது குறைக்கலாம். டியூப் போட்டவர்கள் 40 அளவில் வைப்பதே நல்லது. முன்னால் 40 பல் கொண்ட ஒற்றைப் பற்சக்கரம், பின்னால் 11 முதல் 42 பல் வரை இருந்தால் இந்தப் பள்ளத்தாக்குக்குத் தாராளம்.

வழியில் காண வேண்டியவற்றுள் என் முதல் தேர்வு காராய் அருகிலுள்ள விக்டோரியா பாலம். வெள்ளீயத் தொழிலுக்காகப் பேராக் ஆற்றின் குறுக்கே 1897-இல் கட்டத் தொடங்கி 1900-இல் திறக்கப்பட்ட இந்த ஒற்றைத் தண்டவாளப் பாலத்தில் இப்போது ரயில் ஓடுவதில்லை. பக்கத்திலேயே புதிய பாலம் வந்துவிட்டது. பழைய பாலத்தின் ஓரத்திலுள்ள ஒடுக்கமான நடைபாதையில் கம்பத்துக்காரர்களின் மோட்டார் சைக்கிளும் வரும் என்பதால் சைக்கிளை விட்டு இறங்கி, ஒருவர் பின் ஒருவராகத் தள்ளிக்கொண்டு கடக்க வேண்டும். பிறகு கோலகங்சாரில் மாவட்ட அலுவலகத்துக்கு அருகே நிற்கும் கிழட்டு ரப்பர் மரத்தையும் பார்த்துவிடுங்கள். 1877-இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த கன்றுகளில் ஒன்பது இங்கே நடப்பட்டன. அவற்றின் மிச்சம் இது. நம் முன்னோரைக் கப்பலேற்றிய பயிரின் தொடக்கத்தை இவ்வளவு பக்கத்தில் நின்று பார்க்க முடிகிறபோது, அதைத் தவிர்த்துவிட்டு மசூதியையும் அரண்மனையையும் மட்டும் படமெடுத்துத் திரும்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஊருக்கு எதிர்க்கரையில் இருக்கும் சாயோங்கில் சுரைக்காய் வடிவக் கரிய மண்குடங்களைச் செய்கிறார்கள். சூளையிலிருந்து எடுத்த சூட்டோடு உமியில் புதைப்பதால் அந்தக் கருமை ஏறுகிறது.

சுங்கை சிப்புட்டின் வடகிழக்கே லிந்தாங், லாசா பக்கம் செல்லும் பாதை வேறு வகை. சுங்கை பிளஸ் ஆற்றை ஒட்டிய அப்பகுதியில்தான் 1948 ஜூன் 16-ஆம் தேதி எல்பில் தோட்டத்தின் ஐரோப்பிய நிர்வாகி சுட்டுக் கொல்லப்பட்டார். அதே காலையில் மற்றொரு தோட்டத்தில் மேலும் இருவர் கொல்லப்பட, கம்யூனிஸ்டுக் கிளர்ச்சிக்கு எதிராகப் பிரிட்டிஷ் ஆட்சி அறிவித்த அவசரகாலம் பிறந்தது. தோட்ட லயங்களை முள்வேலி சூழ்ந்ததும், காட்டோரம் வாழ்ந்தவர்கள் புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டதும் அதன் தொடர்ச்சி. இவ்வழியில் மலை நெருங்க நெருங்க ஏற்றம் கூடும்; கடைகள் குறையும்; காட்டோரத் தோட்டங்களில் யானை நடமாட்டமும் உண்டு. சடக்கில் புதிய சாணத்தைக் கண்டால் அன்றைக்கு அவ்வளவுதான் என்று திரும்பிவிட வேண்டும். தனியாகப் போகவே கூடாது.

தண்ணீர் மணிக்கு முக்கால் லிட்டர் வரை தேவைப்படும். தோட்டத்து மாரியம்மன் கோயில்களில் பெரும்பாலும் குழாய் இருக்கும். ஆனால் லயமே காலியாகிவிட்ட தோட்டத்தில் அதையும் நம்ப முடியாது. பசியாறுவதைப் புறப்படும் முன் பட்டணத்திலேயே முடித்துக்கொள்வது மேல். தோட்டத்து நாய்கள் துரத்தினால் வேகமாக மிதிக்காமல் இறங்கி, சைக்கிளை நாய்க்கும் நமக்கும் இடையில் வைத்துக்கொண்டு மெல்ல நடந்தால் எல்லை தாண்டியதும் அவை நின்றுவிடும். போத்தலுக்கு மூடி அவசியம். செம்பனைக் காட்டில் எலி அதிகம். அதற்காகவே பல தோட்டங்களில் கம்பம் நட்டு ஆந்தைக்குக் கூடு வைத்திருக்கிறார்கள். எலியின் சிறுநீர் கலந்த சேற்று நீர் போத்தல் வாயிலோ கால் சிராய்ப்பிலோ பட்டால் எலிக் காய்ச்சல் வர வாய்ப்புண்டு. ஓட்டிய அடுத்த இரண்டு மூன்று வாரங்களுக்குள் கடுங்காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண்டால், தோட்டச் சேற்றில் ஓட்டியதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

வீடு திரும்பியதும் செம்மண் காய்வதற்கு முன் குழாய் நீரை மெதுவாகவே பாய்ச்சிக் கழுவுங்கள். அழுத்தமாகப் பீய்ச்சினால் மண் பால்பேரிங்குக்குள் போய்விடும். சங்கிலி உலர்ந்த பின் எண்ணெய் இட்டு, பிரேக் பேடையும் பாருங்கள். ஈரச் செம்மண் அதை அரம்போல் அராவிவிடும், 1 மி.மீ. கனம்தான் மிச்சம் என்றால் அடுத்த ஞாயிற்றுக்குள் மாற்றிவிட வேண்டும். டயருக்குள் ஊற்றிய திரவமும் இந்தச் சூட்டில் விரைவில் கட்டிவிடுவதால், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை டயரைக் குலுக்கி ஓசை கேட்கிறதா என்று பார்த்து, கேட்கவில்லையென்றால் மீண்டும் ஊற்றுங்கள்.