தயிர் விட்ட தண்ணீரை அளக்கும்போது செய்யும் தவறுகள்

தயிர் எவ்வளவு தண்ணீர் விடுகிறது என்று அளக்கச் சொன்னால், உணவியல் ஆய்வகத்தில் பலரும் நேரே சென்ட்ரிஃபியூஜிடம் (வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் இயந்திரம்) போய்விடுகிறார்கள். சுழற்றி, மேலே நின்ற நீரை எடை போட்டு, 'இத்தனை சதவீதம் பிரிந்தது' என்று எழுதியாயிற்று. அது பிழிந்தெடுத்த நீர். அழுத்தினால் தயிர் எவ்வளவு நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று அறிய அது உதவும். ஃப்ரிட்ஜில் இருக்கும் கப்பில் தானாக எவ்வளவு தேங்கும் என்பதற்கு உதவாது. சல்லடையில் வடிப்பதும் பாதி அந்தக் கதைதான். கரண்டி பட்டதுமே கட்டித் தயிர் உடைந்துவிடுகிறதே!

தானாக விடும் நீர்தான் வேண்டுமென்றால், உறைந்த கப்பிலேயே அளக்க வேண்டும். கப்போடு எடை பாருங்கள். சுமார் 45 டிகிரி சாய்த்து, ஓரத்தில் சேரும் நீரை ஊசி பொருத்திய சிரிஞ்சால் உறிஞ்சி, மறுபடி எடை பாருங்கள். 10 நொடிக்குள் முடித்துவிட வேண்டும். தாமதித்தால் சாய்த்ததாலேயே புது நீர் கசியும். ஊசி தயிரைக் குத்திவிட்டால் அந்தக் கப்பை ஒதுக்கிவிடுங்கள், குத்திய பள்ளத்தில் ஊறிக்கொண்டே இருக்கும். அப்புறம், சதவீதம் போடும்போது கப்பின் எடையைக் கழிக்காமல் வகுப்பது: சிரிப்பாக இருக்கும், ஆனால் நடக்கிறது.

மூடியையும் கவனியுங்கள். சூடாறாமல் மூடிய தயிரில், மூடியின் உட்புறம் முத்து முத்தாக நீர் கோத்து மேலே சொட்டும். அதுவும் தயிர் விட்ட நீராகக் கணக்கில் ஏறிவிடும். ஒரு கப் 4 டிகிரியில், இன்னொன்று மேசைமேல் என்று வைத்து ஒப்பிடுவதும் கூடாது.

இரண்டு உறைமோர்களை ஒப்பிடும்போது பாலைக் காய்ச்சிய விதமும் ஒன்றாக இருக்க வேண்டும். 90 டிகிரி வரை காய்ச்சிய பாலில் மோர்ப் புரதங்கள் (தயிர் விடும் தெளிநீரில் இருக்கும் வகை) உருமாறி, பாலின் முக்கியப் புரதமான கேசீனோடு ஒட்டிக்கொள்வதால், தயிர் குறைவாகவே தண்ணீர் விடும். பெருமை உறைமோருக்குப் போய்விடும்.

தயிரைப் போலவே நுரையும் திரவம் விடும்; அதை அளப்பதில் தவறு வேறு மாதிரி. அடித்த முட்டை வெள்ளையைப் புனலில் வைத்து, கடைசியில் வடிந்த மொத்தத்தை மட்டும் குறிப்பார்கள். போதிய நேரம் விட்டால் எந்த நுரையும் பெரும்பாலும் வடிந்துதான் போகும். மொத்தத்தை வைத்து என்ன சொல்ல முடியும்? தீயணைப்பு நுரைக்கு, 25 சதவீதத் திரவம் வடிய எவ்வளவு நேரம் என்று பார்க்கிறார்கள். அதே வழி இங்கும் சரி. குமிழ் உடைந்தாலும் திரவம் வருமென்பதால் நுரையின் உயரத்தையும் கூடவே குறியுங்கள். கடிகாரத்தை, அடிப்பதை நிறுத்திய நொடியிலிருந்து ஓட விடுங்கள். புனலில் வழித்துப் போடும் நேரத்திலேயே வடிதல் தொடங்கியிருக்கும்.