அப்பாவின் இதயப் பம்பும் காசிமேட்டு உப்புக்காற்றும்

காசிமேட்டில் மீன்பிடித் துறைமுகத்துக்கு இரண்டு தெரு தள்ளியிருக்கும் எங்கள் வீட்டில் ஜன்னல் கம்பி முதல் பூட்டு வரை எல்லாமே துருப்பிடிக்கும். அப்பாவின் பலவீனமான இதயத்துக்குத் துணையாக உடலுக்குள் பொருத்தியிருக்கும் பம்புக்கு (LVAD) இரண்டு பக்கமும் ஒவ்வொரு பேட்டரியிலிருந்து மின்சாரம் வருகிறது; பேட்டரியைச் செருகும் கிளிப்பும் துருவுக்கு விலக்கல்ல என்பது, முழு சார்ஜ் ஏறிய பேட்டரியை ஒரு பக்கம் பொருத்திய பிறகும் அந்தப் பக்கம் மின்சாரமே இல்லை என்று, பம்பை இயக்கும் வெளிப்பெட்டியான கண்ட்ரோலர் அலறிய இரவில்தான் எனக்குப் புரிந்தது.

டார்ச் அடித்துப் பார்த்தபோது, கிளிப்பின் உள்ளே உலோகத் தொடுமுனைகளில் வெளிர்பச்சைப் பொடி படிந்திருந்தது. மருத்துவமனை ஒருங்கிணைப்பாளரிடம் தொலைபேசியில் கேட்டுக்கொண்டே, அந்த ஒரு பேட்டரியை மட்டும் கழற்றினேன். இரண்டு பக்கமும் ஒருசேரக் கழன்றால் பம்ப் நின்றுவிடும் அபாயம் உண்டு என்பதால், மறுபக்கத்தை யாரும் தொடாதபடி அம்மா காவல் இருந்தார். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்துப் பிழிந்த, நூல் உதிராத துணியால் துடைத்து, ஈரம் முற்றிலும் உலர்ந்த பின்னரே பேட்டரியைப் பொருத்தினேன். அலறல் நின்றது. (கை கழுவும் சானிட்டைசர் வேண்டாம், அதன் பிசுபிசுப்பு தங்கிவிடும்.)

உறங்கும்போது பேட்டரிக்குப் பதிலாகச் சுவர் மின்சாரத்தைத் தரும் அடாப்டரை, சுவரிலிருந்து பிடுங்கிய பிறகு, பகலில் அப்பா பேட்டரியில் இருக்கும் நேரத்தில் மட்டுமே துடைக்கிறேன். யாரும் தவறுதலாக அணைத்துவிடாதபடி, சுவிட்ச் இல்லாத பிளக் பாயின்ட்டே நல்லது என்றார்கள் மருத்துவமனையில். நம் வீடுகளில் அதற்கு எங்கே போவது? சுவிட்சின் மேல் டேப் ஒட்டி வைத்திருக்கிறேன்.